பெயர் வைக்க வந்தவர்

பத்தாயிரம் வாலா சரம் ஒன்று ஜீப்புக்கு முன்னால் படபடவென்று வெடித்துச் சிதறியது.

ஜீப் நின்றது. புகை விலகுவதற்குள் அவர் கைகளைக் கூப்பிவிட்டார்.

காலையிலிருந்து இது பதினோராவது ஊர். அவருக்கு இது மூன்றாவது தேர்தல். இரண்டு முறை ஜெயித்த முகத்தில் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆரத்தி முடிந்தது. சால்வை முடிந்தது.

இனி குழந்தைகள்.

பெயர் வைக்கச் சொல்லி எந்த ஊரிலும் இரண்டு கைக்குழந்தைகளாவது ஜீப்பை நோக்கி நீளும். அவரும் தயாராகவே வருவார். ஆண் என்றால் கட்சித் தலைவரின் பெயர். பெண் என்றால் தலைவருடைய தாயாரின் பெயர். காதில் மூன்று முறை சொல்லி, நெற்றியில் ஒரு முத்தம். அரை நிமிட வேலை.

இங்கே ஒன்றுதான் நீண்டது. வாங்கியபோது கனத்தது.

ஐந்து வயதுச் சிறுமி. ரெட்டைச் சடை. கட்சிக் கொடியின் நிறத்தில் ரிப்பன்.

மைக்கை அவளிடம் நீட்டினார். "பாப்பா, உன் பேரு என்ன?"

அவள் கீழே நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னும் வைக்கலண்ணே." அம்மா சொன்னதையும் மைக் பிடித்துக்கொண்டது. "போன எலெக்சன்ல நாப்பது நாள் புள்ளையாத் தூக்கிட்டு நின்னேன். இப்ப நேரமில்ல, ஜெயிச்சிட்டு வந்து சாவகாசமா வைக்கிறேன்னீங்க."

"ஜெயிச்சாரு. அதுவரைக்கும் சரியாத்தான் சொல்லிருக்காரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் சிரித்தது.

அவருக்கு அவளை நினைவில்லை. அந்த வாக்கியம் நினைவிருந்தது. எத்தனையோ ஊர்களில் ஜீப்பைக் கிளப்ப அதைச் சொல்லியிருக்கிறார்.

"இவ அப்பா மூணு தடவ உங்க ஆபீசுக்கு வந்துட்டுத் திரும்பிட்டாரு. வேற யாரையும் வைக்க விட மாட்டேங்காரு. வீட்ல பாப்பான்னுதான் கூப்பிடுறோம். ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேக்கணும். பேரோட வாங்கன்னு சொல்லிட்டாரு ஹெட்மாஸ்டர்."

அப்பா, கட்சியின் கிளைச் செயலாளர் சங்கிலி. சரத்தைப் பற்றவைத்த ஊதுபத்தி இன்னும் கையில் புகைந்துகொண்டிருந்தது. புதுச் சட்டை. முகத்தில் கோபம் இல்லை. ஒரே பூரிப்பு.

கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

தலைவருடைய தாயாரின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லக் கூசியது.

மைக்கை அணைக்கச் சொன்னார். சிறுமியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அன்று வேறு எந்த ஊரிலும் அவர் இறங்கியிருக்கவில்லை.

அவளை நிறுத்திவிட்டு, வேட்டி புழுதியில் படக் குந்தினார். கண்ணைப் பார்க்க முடியவில்லை. ரிப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"தப்பு என் மேலதான் பாப்பா. உனக்கு என்ன பேரு புடிக்கும்?"

அவள் திரும்பி அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு முன்னால் குந்தியிருந்தவர் காதோரம் கையைக் குவித்தாள்.

"பால்வாடி டீச்சர் எனக்கு எப்பவோ செண்பகவல்லின்னு வச்சிட்டாங்க. அப்பாட்ட சொல்லிராதீங்க, அழுதுருவாரு. அதையே நீங்களும் வைங்க."