கழுத்தில் இரண்டு வீக்கங்கள்

லீட்ரிம் மலைச்சரிவில், தொழுவத்தின் தகரக்கூரையை மழை தட்டிக்கொண்டிருக்கிறது. ஃபின்டனிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரே பசு. காசநோய்ச் சோதனைக்காக மாட்டு டாக்டர் அட்ராக்டா மூன்று நாள் முன்பு ஊசி போட்ட இரண்டு இடங்களும் அதன் கழுத்தில் தடித்திருக்கின்றன. மேலே பறவைக் கிருமிக்கானது, கீழே மாட்டுக் கிருமிக்கானது. கீழ் வீக்கம் மேலதைவிடப் பெரிதானால் பசுவைக் கொல்ல ஏற்றிப்போய்விடுவார்கள். அட்ராக்டா இன்று வந்து இடுக்கிபோன்ற அளவுகோலால் தோலைக் கவ்விப் பார்க்கிறாள். “மேலதுதான் பெருசு. காக்கா குருவிக் கிருமிதான், ஃபின்டன். இவ தப்பிச்சா.” பிறகு குனிந்து பார்க்கிறாள். “முடியெல்லாம் படிஞ்சு கெடக்கே, தடவிக்கிட்டே இருந்தீங்களா?” “எது பெருசுன்னு பாத்தேன்.” “தெரிஞ்சுதா?” “ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு.” அவள் சிரித்துக்கொண்டே வண்டியேறுகிறாள். சத்தம் சரிவிறங்கித் தேய்கிறது. இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் கை பசுவின் கழுத்துக்கே போகிறது.