பிஸ்கட் டப்பாவில் ஒரு ஓட்டு

டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிச் சீட்டைப் பிரித்த, ஓட்டு எண்ணிக்கொண்டிருந்த தையல்காரர், ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கண்ணாடிக்காரருக்கு ஒரு ஓட்டு!"

கார் நிறுத்தும் இடத்தில் கூடியிருந்த குடியிருப்புக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். "அது அவரே போட்டுக்கிட்டதா இருக்கும்!" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுக்க, சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. கண்ணாடிக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்வது?

மற்ற எல்லாச் சீட்டும் குடியிருப்புச் சங்கத்தின் பழைய செயலாளரம்மாவுக்கே விழுந்திருந்தது. வருஷா வருஷம் கைதட்டியே அந்த அம்மாவைச் செயலாளராக்கிக் கொண்டிருந்த கட்டடம் அது. இந்த முறைதான் கண்ணாடிக்காரர் "நானும் நிக்கிறேன்" என்று எழுந்து, எல்லாரையும் சீட்டு எழுத வைத்துவிட்டார்.

பதவி ஆசை என்று பேசிக்கொண்டார்கள். ஆசைதான், ஆனால் பதவிமேல் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில், வந்தவர் போனவர் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசிப் பிழைத்த மனிதர் அவர். வேலையும் விட்டு, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் முகத்தைப் பார்த்துப் பேச நாதியில்லை. தேர்தலில் நின்றால் நாலு கதவைத் தட்ட ஒரு சாக்குக் கிடைக்குமே என்றுதான் நின்றார்.

தட்டினார். ஒரு வீடு பாக்கி விடவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், முதல் மாடியில் செயலாளரம்மாவின் கதவையே தட்டி, "உங்க பொன்னான ஓட்டை எனக்குத்தான் போடணும்" என்று கேட்டார். அந்த அம்மா கையில் ஸ்பேனரோடு மலைத்துப்போய் நின்றதைக் கட்டடமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

கூட்டம் முடிந்து படியேறும்போது கண்ணாடிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தோற்றுப்போனவர் நடக்கிற நடையா அது!

விஷயம் இதுதான். அவர் தனக்கு ஓட்டுப் போட்டுக்கொள்ளவே இல்லை. தண்ணீர் மோட்டாரின் தலை எது, வால் எது என்றே தெரியாத ஆளைச் செயலாளராக்கி, கட்டடத்தைக் காயப்போடுவானேன்? சத்தமில்லாமல் செயலாளரம்மாவின் பெயரை எழுதி டப்பாவில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அப்படியானால் அந்த ஒரு ஓட்டு யாருடையது? இந்தக் கட்டடத்தில் யாரோ ஒருவருக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அது யாரென்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

இரண்டாம் மாடி நர்ஸாகத்தான் இருக்கும். ஓட்டுக் கேட்கப் போனபோது சிரித்த முகத்தோடு தலையாட்டியவள் அவள்.

"ஐயோ அங்கிள், நான் டூட்டிக்கு ஓடிட்டேன். ஓட்டே போடலையே!" என்றாள். பாதி திறந்த கதவு அதற்குள் மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தது.

அவளுக்குப் பக்கத்து வீட்டு டிரைவர் பளிச்சென்று சொல்லிவிட்டார். "தப்பா நினைக்காதீங்க சார். எனக்குக் குழாயில தண்ணி வரணும். அதனால அவங்களுக்குத்தான் போட்டேன்."

அடுத்த கதவைத் தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. எல்லாக் கதவையும் தட்டி முடித்து, கடைசியில் யாருமே மிச்சமில்லை என்று ஆகிவிட்டால்? அவருக்குப் பயமாக இருந்தது. தெரியாமலே இருக்கட்டும், யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதாவது மிஞ்சும் என்று, மூன்றாம் மாடிக்கு ஏறித் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவருடைய நாற்காலி. எதிர் நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் குவிந்து கிடந்தன. உட்கார ஆளில்லாத நாற்காலி வேறு எதற்கு ஆகும்?

அழைப்பு மணி அடித்தது. தன் வீட்டு மணியின் சத்தமே மறந்துபோயிருந்ததால், பக்கத்து வீட்டில்தான் அடிக்கிறது என்று சும்மா இருந்தார். மறுபடியும் அடித்த பிறகுதான் எழுந்து போய்த் திறந்தார். வாசலில் செயலாளரம்மா.

"சார், ஒண்ணு கேக்கணும். நீங்க உங்களுக்கே போட்டுக்கலையா?"

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"அப்ப ஓட்டே போடலையா?"

"போட்டேனே. உங்களுக்குத்தான்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மனுஷன் சார் நீங்க!"

"மோட்டார் ஓடணும் இல்லையா?" என்று சிரித்தார் கண்ணாடிக்காரர். பிறகு மனசில் இருந்ததை மறைக்க முடியவில்லை. "எனக்குப் போட்ட அந்த ஒரு ஆள் யாருன்னுதான் தெரியல மேடம். கையில கிடைச்சா, உக்கார வச்சு ஒரு வாய் காபி குடுத்து, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருக்கலாம்னு ஆசையா இருக்கு."

செயலாளரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எதிர் நாற்காலியில் இருந்த செய்தித்தாள்களை அள்ளித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப காபியைப் போடுங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்களா? உங்களை எதிர்த்து நின்னவனுக்கா?"

"என் கதவை நாள் முழுக்கத் தட்டுறாங்க சார். குழாய் ஒழுகுது, பல்பு போச்சு, குப்பை எடுக்கலன்னு." அந்த அம்மா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா, இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்து ஓட்டுக் கேட்டது நீங்க ஒருத்தர்தானே!"