ஒன்பதரை கிலோ

“நாலு இருபது ஆச்சுக்கா. அஞ்சு மணிக்குப் பள்ளிக்கூடத்துல பை சோதனை. பாதியத் தூக்கி வெளிய போடுங்க.”

சொல்லிவிட்டு ரொம்மெல் தன் பையைக் காய்கறி நிறுக்கும் தராசில் தொங்கவிட்டான். இரண்டு கிலோ. மலைப் பந்தயத்துக்காக மணிலாவிலிருந்து வந்தவன். இரண்டு நாளாக இந்த வீட்டில் தங்கியிருக்கிறான். எடை குறையட்டும் என்று டூத்பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட அறுத்துவிட்டிருந்தான்.

அடுத்து வீட்டுக்கார அக்கா லுஸ்மினின் பை. முள் ஒன்பதரையில் நின்றது.

“நூறு கிலோமீட்டர்க்கா. மூணு மலை. ஓடப் போறீங்களா, வீடு மாத்தப் போறீங்களா?”

“என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்பகூட இவ இவ்வளவு மூட்டை கொண்டுவரல” என்றார் அவள் கணவர் பெர்னிங், அடுப்படியிலிருந்து.

ரொம்மெல் பையைப் பிரித்தான். குளிருக்குப் போர்த்தும் வெள்ளித்தாள் மூன்று. மழைக்கோட்டு இரண்டு. வாழையிலையில் கட்டிய பசையரிசிக் கொழுக்கட்டை பன்னிரண்டு. அவித்த சர்க்கரைவள்ளி. உப்பு. கொப்புளத்துக்கு ஊசியும் பிளாஸ்திரியும். டார்ச்சுக்கு பேட்டரி ஒரு கைப்பிடி.

“மூணு போர்வையா? மலைமேல குடித்தனமா?”

“ராத்திரி குளிரும் தம்பி.”

“ஓடினா குளிராது. போன வருஷம் எத்தனாவது வந்தீங்க?”

“கடைசி.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“அதுவும் கடைசிதான்.”

ரொம்மெலுக்குப் பாவமாக இருந்தது. “ஏன்னு இப்பவாவது புரியுதா? இந்த மூட்டைதான்.”

பெர்னிங் வாயைத் திறந்தார். லுஸ்மின் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

“கடைசியா வர்றது பரவாயில்ல தம்பி” என்றாள் அவள். “ஏழு வருஷமும் நேரம் முடிஞ்சுபோச்சுன்னு ஜீப்புல ஏத்திக் கொண்டுவந்து இறக்கினாங்க. இந்தத் தடவை ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள நடந்தே அந்த முடிவுக் கோட்டைத் தாண்டணும். அது போதும் எனக்கு.”

“அப்ப போர்வையில ரெண்டையாவது எடுங்க.”

அவள் இன்னொரு ஜோடி காலுறையைத் திணித்து ஜிப்பை இழுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ரொம்மெல் ஓடி முடித்திருந்தான். பதினேழாவது இடம். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, பதினொன்றரைக்கு மறுபடியும் கோட்டருகே வந்து நின்றான். அக்கா வருவாளா என்று பார்க்கத்தான்.

ஆச்சரியம், கூட்டம் கலையவே இல்லை. எல்லோரும் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்னிங் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. வளைவில் ஒரு கனத்த மனிதர் நொண்டிக்கொண்டு வந்தார். அவருக்கு இரண்டடி பின்னால் லுஸ்மின். பை வற்றிப்போய் முதுகோடு ஒட்டியிருந்தது.

“அக்கா! அவரால முடியல! முந்துங்க!” ரொம்மெல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “கோட்டுக்கு இன்னும் பத்தடிதான்!”

லுஸ்மின் நின்றாள்.

“நிக்காதீங்கக்கா!”

அந்த மனிதர் தள்ளாடித் தள்ளாடிக் கோட்டைத் தாண்டினார். அதன் பிறகுதான் அவள் காலை எடுத்து வைத்தாள். ரொம்மெல் தலையில் அடித்துக்கொண்டான்.

கூட்டம் ஓவென்று கூவியது. முதலில் வந்தவனுக்குக்கூட இந்தச் சத்தம் இல்லை. யாரோ மணி அடித்தார்கள். பெர்னிங் கயிற்றைத் தாண்டி ஓடினார்.

பந்தயத்தை நடத்துபவர் மைக்கைப் பிடித்தார்.

“அறுபத்துநாலு பேர் கிளம்பினாங்க. அறுபத்துநாலு பேரும் நேரத்துக்குள்ள வந்தாச்சு! கடைசி ஆளுக்கும் பின்னால வந்து, ஒருத்தரையும் மலையில விட்டுடாம கூட்டிட்டு வர்ற வேலைய எட்டு வருஷமா இவங்ககிட்டதான் குடுத்திருக்கோம். எல்லாரையும் நடக்க வெச்சே கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை!”

மைக்கை அவளிடம் நீட்டினார்.

“சொல்லுங்க லுஸ்மின், அடுத்த வருஷமும் கடைசியா வருவீங்களா?”