அட்டைக்கு ஒன்று

ரேஷன் கடை டிவியில், துப்பாக்கிச் சட்டம் தளர்ந்துவிட்டதா என்று இருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். விற்பனையாளர் துரைக்கண்ணு, அரிசியோடு ஒரு கைத்துப்பாக்கியையும் மேசைமேல் வைத்தார்.

"இது வேண்டாம்ண்ணே," என்றாள் செண்பகவல்லி.

"இது வாங்கலைன்னா அரிசியும் கிடையாதும்மா. புதுசு தீர்ந்துபோச்சு. கேஸ் முடிஞ்சு கோர்ட்லேர்ந்து வந்த பழசுதான் இருக்கு."

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கவாவது ஆகும், வாங்கிக்கக்கா," என்று வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எடுத்துப் பார்த்தாள். பொட்டு ஏற்கெனவே இருந்தது. பிடியில் தலை கிழிந்த மயில் ஸ்டிக்கர், அதன்மேல் காய்ந்த குங்குமம். பைக் நிறுத்தும் தகராறில் பக்கத்து வீட்டுக்காரன் அவள் மகனைச் சுட்டது இந்தத் துப்பாக்கியால்தான் என்று கோர்ட்டில் தூக்கிக் காட்டியிருந்தார்கள். தற்காப்பு என்று அவனை விட்டும்விட்டார்கள்.

"என்னம்மா யோசிக்கிற? நல்லா வேலை செய்யும்."

"தெரியும்ண்ணே," என்று அரிசிப் பையை விரித்துப் பிடித்தாள்.