இதைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா

அவள் சூப் கரண்டியை மறுபடியும் உதட்டருகே கொண்டுபோனாள்.

மதாம் ஜிரோதேயின் உதடு திறக்கவில்லை.

நேற்றுக் காலையிலிருந்து இதே கதைதான். தண்ணீர் இறங்கவில்லை. சூப் இறங்கவில்லை. சற்று முன் தாதி சோலேன் வாசலில் தலையை நீட்டினாள்.

"இன்றைக்கும் உன்னோடு கோபமா? மத்தியானத்துக்குள் ஏதாவது குடிக்காவிட்டால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்."

இந்த முதியோர் இல்லத்திலிருந்து ஆம்புலன்ஸில் போன மிகவும் வயதானவர்கள் அநேகமாகத் திரும்பி வந்ததில்லை. அவர்களின் கட்டில் விரிப்புகளை மாற்றியவள் தாதியல்ல, இங்கே உதவியாளாக வேலை செய்யும் அவள்தான்.

"குடியுங்கள், மதாம். கொஞ்சம். எனக்காகக் குடியுங்கள்."

பிரெஞ்சில்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கெஞ்சல் யாழ்ப்பாணத்துக் கெஞ்சல். அங்கே அன்பு கட்டளையாகத்தான் வரும். சாப்பிடுங்கோ, இன்னும் கொஞ்சம் போடுங்கோ, என்ன கூச்சம். போதும் என்று கையால் தட்டை மறைத்தால் விரலிடுக்கில் குழம்பை ஊற்றுவார்கள். மறுக்க இடம் கொடுக்காததுதான் உபசாரம்.

மதாம் உதட்டை இன்னும் இறுக்கினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் எட்டிக் குனிந்தாள். தலையில் கிளிப் உடைந்தது.

முடி முழுவதும் அவிழ்ந்து முன்னால் விழுந்தது. நுனி சூப் கோப்பைக்குள் போகப் பார்த்தது. அள்ளிக் கட்ட இரண்டு கையும் வேண்டும். கோப்பையை வைக்க இடமில்லை. தள்ளுவண்டி தாழ்வாரத்தில் நின்றது.

வீட்டுச் சமையலறையாக இருந்தால், இந்தா பிடி என்று தன் மகள்களில் ஒருத்தியின் கையில் திணித்திருப்பாள்.

யோசிக்கவில்லை. அந்த மகள்மார் நாளெல்லாம் தங்களுக்குள் பிரெஞ்சில் சொல்லிக்கொள்ளும் ஒரு வாக்கியம் வாயில் வந்தது.

"உன்னால் இதைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா, சில் து ப்ளே?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்தாள்.

தொண்ணூறைத் தொடும் மனுசியைப் போய், நீ என்று. இங்கே எல்லோரையும் நீங்கள் என்றுதான் அழைக்க வேண்டும். அவளிடம் இருந்த பிரெஞ்சில் பாதி பிள்ளைகளிடம் பொறுக்கியது. அது அப்படித்தான் வரும்.

வாக்கியம் அறைக்குள் நின்றது.

என்ன வாக்கியம் அது! ஒரு வேலையைச் சொல்ல வருகிறது, ஆனால் கேள்வியாக வருகிறது. முடியுமா என்கிறது. கேள்வி என்றால் பதில் கேட்கப்பட்டவரின் கையில். முடியாது என்று சொல்லவும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதுவும் போதாமல் கடைசியில் ஒரு 'சில் து ப்ளே'. தயவுசெய்து என்று அர்த்தம்; பிரித்துப் பார்த்தால், உனக்கு விருப்பமானால். சின்னப் பிள்ளைகள்கூட இங்கே ஒரு துண்டு ரொட்டியை வாங்குவதற்கு முன் மற்றவரின் விருப்பத்தைக் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் அதற்குள் இருந்தது. உங்களால் ஏதோ முடியும் என்று நம்புகிறவர்தான் உங்களிடம் இப்படிக் கேட்பார்.

கையைத் தூக்குங்கள். திரும்பிப் படுங்கள். வாயைத் திறவுங்கள்.

மதாமிடம் எல்லோரும் சொன்னார்கள். யாரும் கேட்டதில்லை.

ஜன்னலிலிருந்து முகம் திரும்பியது. மங்கிய கண்கள் அவளைப் பார்த்தன. அவிழ்ந்த முடியைப் பார்த்தன. கோப்பையைப் பார்த்தன.

"தாராளமாக," என்றார் மதாம்.

போர்வை மேல் கிடந்த கை எழுந்தது. அந்தக் கை எதையும் பிடித்து அவள் பார்த்ததில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கோப்பையின் காதைத் தேடின.

பிடித்தன.

அவள் மெல்ல விட்டாள். கோப்பை விழவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு முடியை அள்ளினாள். முறுக்கினாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

கோப்பை மதாமின் மடிமேல் சற்று நேரம் நடுங்கியது. பிறகு, யாரும் சொல்லாமல், மேலே போனது.

ஒரு மிடறு.

சுருங்கிய தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது.

"உப்பே இல்லை," என்று முகத்தைச் சுளித்தார்.

இன்னொரு மிடறு.

ஏதாவது சொன்னால் கலைந்துவிடும் என்று பயந்தாள். கைகள் தம் பாட்டில் சுற்றி, செருகி, கொண்டையை முடித்துவிட்டன.

மதாம் அதைக் கவனித்தார். ஒப்புக்கொண்ட உதவி முடிந்தது. மரியாதையாகக் கோப்பையை அவள் பக்கம் நீட்டினார்.

பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், முடிச்சை இழுத்தாள். முடி மறுபடியும் தோளெல்லாம் சரிந்தது.