பவுடர் போட்ட என்ஜின்

"எங்கப்பா சாகுற வரைக்கும் ராஜா மாதிரி போன வண்டிய்யா இது! நாளைக்குக் கண்காட்சியில ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகினாலும் வெளிய தள்ளிடுவாங்க. என் மானமே போயிடும்" என்றார் பழங்கார் சங்கத் தலைவர்.

மெக்கானிக் ஏற்கெனவே கேஸ்கெட், சீல் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். ஆனாலும் தினமும் காலையில் வண்டிக்கடியில் எண்ணெய் தேங்கி நின்றது.

கடைசியாக என்ஜினைச் சுத்தமாகத் துடைத்து, முகப்பவுடரைத் தூவினார். "எந்த இடத்துல ஒழுகுதோ அங்க பவுடர் நனைஞ்சு காட்டிக்கொடுத்துடும், தலைவரே."

"நான் கேட்டது ரிப்பேர். நீ மேக்கப் போடுற!" என்று சிரித்த தலைவர், ஷெட்டைத் தானே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை பானெட்டைத் தூக்கிய மெக்கானிக் எண்ணெய் மூடியருகே குனிந்து பார்த்தார்.

"என்ஜின்ல ஒழுகல் இல்லை தலைவரே. எண்ணெய் மூடியைத் திறந்து யாரோ ஊத்தியிருக்காங்க. நிரம்பினதுக்கு மேல ஊத்தினா வழியத்தானே செய்யும்?"

"பூட்டின ஷெட்டுக்குள்ள யாருய்யா வருவான்?"

"யாரோ வேலை தெரிஞ்சவர். காலையில எண்ணெய் பார்க்காம வண்டியை எடுக்காத கை. பவுடர்ல நல்லாப் பதிஞ்சிருக்கு பாருங்க. வலது கை. சுண்டுவிரல் மட்டும் இல்லை."

தலைவர் அந்தக் கைத்தடத்தின் மேல் குனிந்தார்.

"அந்த விரல் ஃபேன் பெல்ட்ல மாட்டிப் போச்சு... முதலாளி அவசரப்படுத்தினார்னு..."

"எந்த முதலாளி? உங்கப்பாதானே முதலாளி?"

வண்டிக்குள் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோலத் தலைவரின் குரல் தாழ்ந்தது.

"அப்பா டிரைவர்ப்பா."