மணிக்கட்டில் ஒரு உள்ளான்

"அப்பா, வந்துட்டுப்பா! என் உள்ளான் வந்துட்டு!"

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆதிரை, இறால் குளத்து வரப்பில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். போன தை மாதம் கோடியக்கரை சரணாலயத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வலசை வரும் உள்ளான் குருவிகளை ஆளுக்கொன்றாகக் கையில் பிடித்து, நெஞ்சுத் துடிப்பை அனுப்பும் வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பறவையின் நெஞ்சு இவர்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையில்தான் துடிக்கிறது. தூரம் போகப் போகத் துடிப்பு மெலிந்துவிடும். ஏழு மாதமாகத் தூக்கத்தில்கூட அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், இன்று திம்திம்மென்று அடிக்கிறது என்று குதித்தாள்.

"சரி பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு," என்றேன். நாளை மறுநாள் அறுவடை. இறாலைத் தின்னக் குளத்தில் நீர்க்காகங்கள் இறங்கியிருந்தன. அவற்றை விரட்ட வழக்கம்போல வெடியைக் கொளுத்திப் போட்டேன்.

டமார்!

ஆதிரை மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வேண்டாம்பா! செத்துடும்போல அடிக்குது! இங்கதான் எங்கேயோ இருக்கு!"

எதிர்வரப்பில் அவள் வகுப்பே மணிக்கட்டைப் பிடித்தபடி ஓடிவந்தது. என் கையில் அடுத்த வெடியின் திரி சீறிக்கொண்டிருந்தது. அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினேன்.

அப்போதுதான் பார்த்தேன். வரப்போரச் சேற்றில், சேற்று நிறத்திலேயே முப்பது நாற்பது சின்னப் பறவைகள்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் குதித்தார்கள். ஆதிரை என் விரலை இழுத்துப் பட்டையில் வைத்தாள். துடிப்பு மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

குளத்தில் ஒரு நீர்க்காகம் மூழ்கி, கொழுத்த இறாலோடு எழுந்தது. எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.